சாத்துக்கவி முந்தி வந்துவிட்டது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய பேப்பர் கடையில், கரையான் தின்றது போக மிச்சமிருந்த ஒரு புத்தகம் என் கையில் சிக்கியது. அதன் முதல் பக்கத்தில்—

இல்லை. அப்படி எதுவும் சிக்கவில்லை. பழைய காலத்துக் கதை எழுதுகிற எல்லோருக்கும் எங்காவது ஒரு பேப்பர் கடையில் ஏதாவது சிக்கிவிடுகிறது. நானும் ஆசைப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்ஸ் கிடைத்தது, அதுவும் பாதி.

உண்மை இதைவிடக் கேவலமானது. நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு இலக்கிய ஏஜெண்ட் அம்மையார் அதை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இலக்கிய ஏஜெண்ட் என்றால் எழுதுகிறவனுக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நின்று பேசி முடித்துக் கமிஷன் எடுத்துக்கொள்கிறவர். கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ரெடியா சார்?" என்பார். "ஒரே ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பிடுறேன் மேடம்" என்பேன். இந்த உரையாடல் சில வருடங்களாக எந்த மாற்றமும் இல்லாமல் நடக்கிறது. நான் எழுதியதிலேயே திருத்தம் தேவைப்படாத ஒரே வசனம் அதுதான்.

இதற்கு நடுவில் பின்னட்டையில் போடுவதற்காக ஒரு பெரிய எழுத்தாளரிடம் இரண்டு வரி பாராட்டு கேட்டு நாவலை மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே வந்தது: "மன்னிப்பின் மகத்துவத்தைப் பேசும் நாவல்." எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், நான் அனுப்பியது நாவலே அல்ல, வீட்டு மின்கட்டண ரசீது.

சரி, இப்போதாவது நாவலை அனுப்பலாம் என்றால் இன்னொரு தொந்தரவு. என் நாவலில் மன்னிப்பே கிடையாது. கான்சாபுரத்தில் ஒரு கிணற்றுக்காக அண்ணனும் தம்பியும் முதல் பக்கத்தில் சண்டையை ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே போகிறார்கள். ஆனால் பாராட்டு பெரிய மனிதருடையது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆகவே இப்போது நான் நாவலில் மன்னிப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வெட்கத்தை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். உயிரோடிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நூறு வருடத்துக்கு முந்தியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது ஆண்டு ஆடி மாதத்தில், மதராஸிலிருந்து புறப்பட்ட புகைவண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் பெருமூச்சு விட்டு நின்றது."

நல்ல வாக்கியம். ஒரே குறை, அந்த வருடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலே கிடையாது. பெருமூச்சை அடித்தேன், ஸ்டேஷனை அடித்தேன். ரயிலில் வந்துகொண்டிருந்த ஆளை விருதுபட்டியிலேயே (இன்றைய விருதுநகர்) இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றினேன். அவருக்கு அதில் கோபம்தான்.

இரண்டாம் தொடக்கம்:

"செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் மேகம் இறங்கியிருந்தது. சாரல்—"

இறங்கட்டும். அதற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? நான் கதை தெரியாமல் முழிக்கிறபோதெல்லாம் மலையில் மேகம் இறங்கிவிடும். என் நாவலில் அது எத்தனை முறை இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மூன்றாம் தொடக்கம்:

"தேர் சீக்கிரமாக நிலைக்கு வந்துவிடக் கூடாது என்று முத்து முகம்மது ராவுத்தர் மனத்துக்குள் வேண்டிக்கொண்டார்."

இது இருக்கட்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ராவுத்தருக்குத் தேர்மேல் எந்த மனக்குறையும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு ஆடிப்பூரத் தேர் என்றால் வியாபாரம். அவருடைய கவலை வேறு. அவரும் ஒரு நாவல் எழுதியிருந்தார்.

3

அவர் காலத்திலும் ஏஜெண்ட் உண்டு. ஏஜெண்டு தவசிமுத்து. மதராஸில் ஒரு அச்சுக்கூடத்துக்காக ஊர் ஊராகப் போவார். பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களைத் திருவிழாக் கூட்டத்தில் விற்பார். திரும்பும்போது யாராவது எழுதி வைத்திருப்பதை வாங்கிக்கொண்டு போவார். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால், தேர் நிலைக்கு வருகிறவரை இருப்பார். அந்தக் காலத்தில் தேர் புறப்படும் நாள் தெரியும், நிலைக்கு வரும் நாள் வடம் பிடிக்கிற ஆட்களின் தெம்பையும் சக்கரத்தின் மனதையும் பொறுத்தது. தேர் நிலையில் போய் நின்றால் கூட்டம் கலையும், கூட்டம் கலைந்தால் தவசிமுத்து வண்டி கட்டுவார். ராவுத்தர் ஏன் அப்படி வேண்டிக்கொண்டார் என்று இப்போது புரிந்திருக்கும். தேர் எந்தத் தெருமுனையிலாவது முரண்டு பிடித்தால் அவருக்கு இன்னொரு முறை திருத்த நேரம் கிடைக்கும்.

தவசிமுத்து எதையும் படித்துப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது கயிறு. கையெழுத்துத் தாள்களுக்கு மேலும் கீழும் அட்டை வைத்து, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் வாங்குவார். தாள் தாளாகக் கொடுத்தால் தொடக்கூட மாட்டார்.

"ராவுத்தரே, கட்டுப் போட்டாச்சா?"

"ஒரே ஒருக்கப் பாத்துட்டுப் போட்டுருதேன்."

"போன வருசமும் இதேதான் சொன்னிய. கட்டுப் போடாத தாளைக் குடுக்கவன் எல்லாம் விருதுபட்டி வரைக்கும் வண்டி பின்னாலயே ஓடி வாரான். 'அண்ணாச்சி, ஒரு வரி மாத்திக்கிடுதேன்'னு. எனக்கு மாடு மிரளுது."

நாவலின் பெயர் 'ஜெய்னம்பு சரித்திரம்'. ஜெய்னம்புவின் கணவன் காசிம், பிழைப்புக்காக ரங்கூன் போகிறான். போனவன் கடிதம் போடுவதை நிறுத்திவிடுகிறான். அவள் தனியாகக் கடை வைத்துத் தலையெடுக்கிறாள். இவ்வளவுதான் கதை. இதற்குள் ராவுத்தர் நுழைத்த மற்றதெல்லாம் தவசிமுத்துவின் யோசனை. ஒரு வருடம், "சனங்களுக்கு ரயிலுன்னா உசிரு" என்றார். ராவுத்தர் ஒரு ரயில் அத்தியாயம் எழுதினார். (அவராவது ரயிலை விருதுபட்டியில் நிறுத்தினார். என்னைவிட விவரம்.) மறு வருடம், "இப்பம் கொலைக்குத்தான் மவுசு" என்றார். ராவுத்தர் ஜெய்னம்புவின் சித்தப்பாவைக் கொன்றார். அப்புறம் கதையில் ஜெய்னம்புவின் மகள் கல்யாணத்துக்கு ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டதால் சித்தப்பாவைப் பிழைக்க வைத்தார். செத்தது பக்கத்து ஊர்க்காரன் என்று ஒரு வரி சேர்த்தார். பக்கத்து ஊர்க்காரன் யார், ஏன் செத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வருடம் வந்ததும் தவசிமுத்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ராவுத்தரே, இதான் நான் கடைசியா வாரது. தையல் மிசினு ஏஜென்சி எடுத்துட்டேன். புஸ்தகத்த நாலு பேரு படிச்சா நாப்பது பேரு இரவல் கேக்கான். மிசின எவனும் இரவல் கேக்க முடியாது. குடுக்கதா இருந்தா இந்தத் தேருக்குள்ள குடுத்துருங்க."

4

இப்போது நூர்னிசாவைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் நம்பிக்கை குறைவு.

முத்து முகம்மதுவின் மனைவி. எழுத்தாளர் கதைகளில் எழுத்தாளரின் மனைவி என்ன செய்வாள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுப்படியிலிருந்து வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வாள், எழுத்தாளருக்குக் கண் திறந்துவிடும். எனக்கு இந்த அம்மாள்களிடம் அலுத்துவிட்டது. என் வீட்டில் நாவலைப் பற்றிக் கேட்டால், "இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்றுதான் பதில் வரும்.

ஆகவே நூர்னிசாவை ஞானியாக எழுதக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அவள் அரபு எழுத்தில் எழுதிய தமிழைப் படிப்பாள், தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் ராவுத்தர் வாசிக்க, அவள் கேட்பாள். மலை வர்ணனை வந்தால் தூங்கிவிடுவாள். கொலை அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாள். சித்தப்பா பிழைத்துக்கொண்டதில் அவளுக்கு ரொம்ப வருத்தம். ஜெய்னம்புவுக்கு ஒரு அட்டிகைகூட இல்லையே என்று சண்டை பிடித்து, ராவுத்தரை ஒரு அட்டிகை எழுத வைத்தாள்.

(ராவுத்தருக்கு 'அவர்', நூர்னிசாவுக்கு 'அவள்'. என் பவிசு இதிலேயே தெரிகிறது. இரண்டு பேருக்கும் 'அவர்' போட்டுப் பார்த்தேன், யார் வாசிக்கிறார், யார் தூங்குகிறார் என்று எனக்கே தெரியவில்லை. அநியாயம் தொடர்கிறது.)

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. முத்து முகம்மதுவும் ரங்கூன் போனவர்தான். கல்யாணமான புதிதில் போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. வருடக்கணக்கில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் மாமியார் வீட்டில் நூர்னிசா இருந்தாள். ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். அவர் உள்ளே வந்தார், கை கால் கழுவினார், சாப்பிட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. கடை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், நாவலும் வந்தது.

காசிம் ரங்கூனிலிருந்து திரும்பி வரும் கடைசி அத்தியாயத்தை ராவுத்தர் முதலில் எழுதியது இப்படி: ஜெய்னம்பு ஆனந்தக் கண்ணீர் பெருகக் கதவைத் திறந்து கணவன் காலில் விழுந்தாள். வாசித்துக் காட்டியபோது நூர்னிசா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

"நானா இருந்தா தெறந்துருக்க மாட்டேன்."

"நீ தெறந்தியே" என்றார் ராவுத்தர்.

"அது வேற" என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ராவுத்தர் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். காசிம் கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து ஜெய்னம்பு, "யாரது?" என்கிறாள். அவன் பெயரைச் சொல்கிறான். "அந்தப் பேருள்ளவர் ரங்கூனிலே இருக்கிறார்" என்கிறாள். கதவு திறக்கவில்லை. முற்றிற்று.

நான் எழுதியதில்லை இப்படி ஒரு கடைசிப் பக்கம். (நானேதான் எழுதினேன், ஆனால் அவர் பெயரில் எழுதியதால்தான் வந்தது.) நூர்னிசா அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு, மற்ற அத்தியாயங்களுக்குக் கொட்டாவி விடுகிறவள், கடைசிப் பக்கத்துக்கு மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள். "அந்தக் கதவு பக்கத்த வாசிங்க" என்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அவள் திறந்துவிட்ட கதவு அங்கே மூடியிருந்தது.

5

ஒரு புத்தகம் அச்சேற வேண்டுமென்றால் அப்போது கதை மட்டும் போதாது. முகப்பில் சாத்துக்கவி வேண்டும். பேர் பெற்ற புலவர் ஒருவர் இந்த நூல் நல்ல நூல் என்று பாட்டாகப் பாடித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் நாலு பேர் முன்கூட்டியே கையொப்பம் போட்டு வாங்க ஒப்புக்கொள்வார்கள். "சாத்துக்கவி இல்லாத புஸ்தகம் கொட்டு இல்லாத கல்யாணம்லா" என்பது தவசிமுத்துவின் தீர்ப்பு.

ராஜபாளையத்தில் புலவர் சங்கையா இருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், வெண்பா தமிழில் பாடுவார். ராவுத்தர் நாவலின் முதல் பாதியை மட்டும் படியெடுத்து, ராஜபாளையம் போகிற வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். மறு பாதி திருத்தத்தில் இருந்தது. அது எப்போதும் திருத்தத்தில்தான் இருந்தது. பாதிக்குப் பதில் பாதிப் பாட்டு வரும் என்று நினைத்தாரோ என்னவோ. புலவர் முழுப் பாட்டாகவே அனுப்பிவிட்டார்.

அந்த வெண்பாவை நான் உங்களுக்குத் தர வேண்டும். எழுதிப் பார்த்தேன்:

ரங்கூனி னின்றுவந்த ராவுத்தன் கைதட்ட
அங்கே கதவைத் திறந்தவளை—

மூன்றாவது அடிக்குப் போகும்போது என் இலக்கணம் தீர்ந்துவிட்டது. பொருளைச் சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து போன கணவன் காலம் கழித்து வந்து நின்றபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்த கற்பரசியின் கதை இது. இதைப் படிக்கிற பெண்கள் எல்லாம் அவளைப் போல் ஆவார்கள். எழுதிய முத்து முகம்மது வாழ்க.

ராவுத்தர் அதைக் கடையில் நின்றபடியே படித்தார். "வாழ்க" வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் மறுபடி மேலே போய்ப் படித்தார்.

6

அன்றைக்கே வண்டி பிடித்து ராஜபாளையம் போனார். புலவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. ராவுத்தரைப் பார்த்து எழுந்தது, ஜவுளிக்காரர் என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது.

"ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று, புலவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "பாட்டு எப்பிடி?"

"பாட்டு பிரமாதமுங்க. அதுல சின்னதா ஒண்ணு... கதையில அந்தப் பொம்பள கதவத் தெறக்க மாட்டா."

"யாரு தெறக்க மாட்டா?"

"ஜெய்னம்பு. கடைசியில."

புலவருக்கு அது விளங்கவே செத்த நேரம் ஆனது. "புருசன் வந்து நிக்கான், பொண்டாட்டி தெறக்கலயா? ஏமி கத இது? பூட்டிக்கிட்டு என்ன செய்யுதா?"

"கணக்குப் பாக்கா. கடைக் கணக்கு."

உள்ளேயிருந்து புலவரின் மனைவி சிரித்ததைக் கேட்டதாக ராவுத்தர் பிறகு சொன்னார். (நான் அந்த அம்மாளை அதற்குமேல் எழுதவில்லை. விட்டால் அவரும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.)

"இந்தா பாருங்க ராவுத்தரே" என்றார் புலவர். "நான் மத்ததப் படிக்கலதான். புருசன் ரங்கூன் போனான்னு வரவும் எனக்கு முடிவு தெரிஞ்சு போச்சு. இதுவரைக்கும் எம்புட்டு நூலுக்குப் பாடியிருக்கேன், ஒருத்தன் வந்து முடிவு வேறன்னு சொன்னதில்ல. என் பாட்டுல ஒரு சீர எடுத்தா மொத்தமும் சரிஞ்சு போகும். உங்களுது வசனம்தான? வசனம் மாவு மாதிரி. அமுக்குனா அமுங்கும். கதவத் தெறந்து விட்டுருங்க, ஒண்ணும் கொறஞ்சு போகாது."

ராவுத்தர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் வெண்பாவை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதில் அவர் பெயர் இருந்தது. அவர் பெயர் ஒரு பாட்டில் வருவது அதுதான் முதல் தடவை. அதை யாரால் விட முடியும்? என்னைப் பாருங்கள், ஒரு மின்கட்டண ரசீதுக்குக் கிடைத்த பாராட்டையே என்னால் விட முடியவில்லை.

7

இங்கே நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) ராவுத்தர் வெண்பாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாவலை அப்படியே கட்டுப் போட்டுக் கொடுக்கிறார். வீரமான முடிவு. ஆனால் சாத்துக்கவி இல்லாத புத்தகத்தைத் தவசிமுத்து வண்டியில் ஏற்ற மாட்டார். தவிர, ராவுத்தர் எந்தத் தாளையும் கிழித்தவரல்ல. அடித்த பக்கங்களைக்கூட அடுக்கி வைத்திருக்கிறார்.

(ஆ) வெண்பாவையும் போட்டு, மூடிய கதவையும் அப்படியே விட்டுவிடுகிறார். படிக்கிறவர்கள் முகப்பில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாகப் பார்த்துக் குழம்பட்டும். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் நானே அப்படித்தான் செய்யலாம் என்றிருந்தேன். ராவுத்தர் கௌரவமான வியாபாரி. மேலே ஒரு துணியும் உள்ளே ஒரு துணியுமாக மடித்து விற்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

(இ) தேர் நடுத்தெருவில் நின்று, மழை பிடித்து, எல்லாருக்கும் இன்னும் ஒரு வாரம் கிடைக்கிறது. மலையில் மேகம்—

போதும்.

நடந்தது இதுதான், அதாவது நான் நடத்தியது. ராவுத்தர் அடித்துப் போட்டிருந்த பழைய பக்கத்தைத் தேடி எடுத்தார். ஆனந்தக் கண்ணீர், கால், விழுந்தாள், எல்லாம் அப்படியே இருந்தது. வெண்பாவுக்கு ஏற்றாற்போல் 'ஒரு கேள்வியும் கேளாமல்' என்று சேர்த்து, நல்ல தாளில் படியெடுத்தார். மூடிய கதவுப் பக்கத்தை எடுத்துத் தனியே வைத்தார். மேலும் கீழும் அட்டை வைத்தார். சணல் கயிற்றை எடுத்தார்.

அவருக்கு நிம்மதியாகவே இருந்தது என்று எழுத நினைத்தேன். பொய். அவருக்குத் திருடியவனைப் போல் இருந்தது. கயிற்றின் முதல் முடிச்சு விழவில்லை.

8

தேர் கடைசித் தெருவுக்குத் திரும்பிவிட்டது. வடம் பிடிக்கிறவர்களின் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. தவசிமுத்து மாட்டைப் பூட்டிக்கொண்டிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

நூர்னிசா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கட்டப் போறியளாக்கும். போறதுக்கு முந்தி அந்தக் கதவு பக்கத்த ஒருக்க வாசிங்க. பொறவு கேக்க முடியாதுல்லா."

ராவுத்தர் அட்டையைத் தூக்கினார். மூடிய கதவுப் பக்கத்தை வாசித்துவிட்டுத் திறந்த கதவுப் பக்கத்தை அனுப்பலாம், அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எனக்கு அந்த யோசனை வந்தது, ஆகவே அவருக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. கட்டுக்குள் இருந்த பக்கத்தையே வாசித்தார். தட்டினான். திறந்தாள். விழுந்தாள். முற்றிற்று.

நூர்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெறந்துட்டாளா?" என்றாள்.

"புலவர் பாட்டுல அப்பிடி வந்துருச்சு. இனி மாத்த முடியாதுங்காரு. சாத்துக்கவி இல்லன்னா ஏஜெண்டு எடுக்க மாட்டாரு. இதுதான் அவரு வாரது கடைசி..."

"பாட்டு கெடக்கட்டும். இவ எதுக்குத் தெறந்தா?"

"எதுக்குன்னா... கற்பு."

"கற்பா வந்து தாப்பாள எடுத்துச்சு?"

ராவுத்தர் தாளைப் பார்த்தார். அதில் கண்ணீர் இருந்தது, காரணம் இல்லை.

"அழுதாளாம், கால்ல விழுந்தாளாம்" என்றாள் நூர்னிசா. கோபத்தில் குரல் உயர்ந்தது. "எனக்கு அன்னைக்குக் கண்ணீரும் வரல, ஒண்ணும் வரல. தெறக்காதவள எழுதுனிய, சரின்னு கேட்டேன். நாமதான் செய்யல, அவளாச்சும் செஞ்சாளேன்னு இருந்துச்சு. இப்பம் அவளையும் தெறக்க வச்சுட்டிய. தெறந்தவ எதுக்குத் தெறந்தான்னாவது எழுதியிருக்கியளா? அதுவும் இல்ல."

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, என் நாவலில் புதிதாகச் சேர்த்த மன்னிப்பு அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். கிணற்றடியில் அண்ணன் தம்பியை மன்னிக்கிறான். ஏன் மன்னித்தான் என்று எங்கேயும் இல்லை. 'கண்கள் பனித்தன' என்று இருந்தது. மூடி வைத்தேன்.)

வெளியே வண்டி வந்து நின்றது. "ராவுத்தரே! கட்டுப் போட்டாச்சா? தேரு நிலைக்கு வந்துருச்சு!"

முத்து முகம்மதுவின் கையில் கயிறு இருந்தது. அவர் நூர்னிசாவைப் பார்த்தார். ரங்கூனிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் அவளிடம் உப்பு இருக்கிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இந்த வரி நன்றாக இருக்கிறதா என்று எல்லாம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை.

"நீ எதுக்குத் தெறந்தே?"

"இப்பமா கேக்கிய?" என்றாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கடுத்து அவள் சொன்ன பதில் வர வேண்டும். நான் அதைப் பல விதமாக எழுதினேன். பின்னால் மாமியார் நின்றாள், அதனால் திறந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, அதனால். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாத்திவிடலாம் என்று திறந்தாள், பார்த்ததும் அவர் இளைத்திருந்தார். எண்ணெய்க்காரன் என்று நினைத்துத் திறந்தாள். (கடைசியாகச் சொன்னதை எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.) ஒவ்வொன்றும் பொருந்தத்தான் செய்கிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. அவளிடம் கேட்காமல் இதில் ஒன்றைப் போட்டுவிட்டால், முடிவு எனக்குத் தெரியும் என்று பாட்டெழுதிய சங்கையா புலவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். "ராவுத்தரே, நான் போறேன்!" என்று தவசிமுத்து மறுபடியும் குரல் கொடுத்தார். முத்து முகம்மது கயிற்றைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஏஜெண்டின் முகத்துக்கு எதிரிலேயே தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து நூர்னிசாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். கதவுக்கு வெளியே தவசிமுத்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், அவர் பக்கத்தில் நானும் நிற்கிறேன். உள்ளே அவள் குரல் கேட்கிறது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.